ஊரில் ஒரே சொல் இனம், படிவத்தில் மூன்று கூடு

வாசகியின் கடிதம் (சுருக்கம்):

"எனக்கு 23 வயது. மட்டக்களப்பு டவுனில் இருக்கிறோம். அப்பா பறங்கியர் (போர்த்துக்கேயர் வழிவந்தவர்), அம்மா தமிழ். வீட்டில் தமிழ்தான் கதைப்போம். அப்பம்மா மட்டும் அப்பாவோடு பறங்கி மொழியில் கதைப்பா. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். படிவத்தில் நேஷனலிட்டி, எத்னிசிட்டி, ரேஸ் என்று மூன்று கூடு இருக்கிறது. எங்கள் பிறப்புச் சான்றிதழில் இனம் என்று ஒன்றுதான் உண்டு. மூன்றிலும் தமிழ் என்று எழுதிவிட்டேன். கனடாவில் இருக்கும் அண்ணா பார்த்துவிட்டுப் பிழை என்றார். என்னோடு விண்ணப்பிக்கும் காத்தான்குடித் தோழி எத்னிசிட்டியில் முஸ்லிம் என்று போட்டிருக்கிறா. பறங்கி என்று எழுதினால் போர்த்துக்கல் பிரஜாவுரிமை எடுக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அதெல்லாம் வேண்டாம். தமிழ் என்று எழுதினால் அப்பாவை விட்ட மாதிரி இருக்கு, பறங்கி என்று எழுதினால் அம்மாவை விட்ட மாதிரி இருக்கு. எதை எழுதுவது?"

அன்புள்ள மகளுக்கு,

முதலில் நேஷனலிட்டிக் கூட்டை முடித்துவிடுவோம். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. கடவுச்சீட்டைத் திறந்து, உங்கள் படம் இருக்கும் பக்கத்தில் நேஷனலிட்டி என்ற இடத்தில் அச்சாகியிருப்பதை அப்படியே எழுதுங்கள்: ஸ்ரீலங்கன். 'தமிழ்' என்றும் வேண்டாம், 'ஸ்ரீலங்கன் தமிழ்' என்றும் வேண்டாம். அந்தக் கூடு கேட்பது, எந்த அரசு உங்களைத் தன் பிரஜை என்று ஏற்றுக் கடவுச்சீட்டுத் தந்திருக்கிறது என்பதை மட்டும்தான். நமது அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரையும் 'இலங்கைப் பிரஜை' என்ற ஒரே அந்தஸ்தைத்தான் சொல்கிறது. அதற்குள் தமிழ்ப் பிரஜை, பறங்கியப் பிரஜை என்ற பிரிவுகள் கிடையாது.

நம் பிள்ளைகள் அதிகம் பிழைவிடுவது இந்தக் கூட்டில்தான். காரணமும் விளங்கக்கூடியதே. உங்கள் காலத்துப் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் இனம், தாயின் இனம் என்று கேட்டார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, 'நீங்கள் யார்' என்ற எந்தக் கேள்விக்கும் 'இலங்கைத் தமிழர்', 'இலங்கைச் சோனகர்' என்று கை தானாக எழுதப் பழகிவிட்டது. தமிழில் 'இனம்' என்ற சொல்லும் அகலமானது. மாட்டு இனம், நெல்லினம், தமிழினம், தேசிய இனம், கறுப்பினம் எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் அனுமதிப் பிரிவு படிவத்தையும் கடவுச்சீட்டுப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். ஒன்றில் ஸ்ரீலங்கன், மற்றதில் தமிழ் என்று இருந்தால் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். முடிவுத் திகதி நெருங்கிய நேரத்தில் அது பெரிய இழப்பு.

'ஸ்ரீலங்கன்' என்று எழுதக் கை கூசுகிறவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அந்தக் கூச்சத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. 1985இல் இலங்கை அரசோடு நடந்த திம்புப் பேச்சுவார்த்தையில் தமிழ்த் தரப்பு வைத்த முதல் கோரிக்கையே, இலங்கைத் தமிழரைத் தனியான ஒரு தேசிய இனமாக ஏற்க வேண்டும் என்பதுதான். தேசம் என்பதும் அரசு என்பதும் எல்லா இடத்திலும் ஒன்றாகப் பொருந்துவதில்லை. பிரித்தானியாவிலேயே, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் 'உங்கள் தேசிய அடையாளம் எது' என்று ஒரு கேள்வி, 'எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறீர்கள்' என்று வேறொரு கேள்வி. ஒருவர் முதலாவதில் ஸ்கொட்டிஷ் என்றும் இரண்டாவதில் ஐக்கிய இராச்சியம் என்றும் எழுதலாம், முரண்பாடு ஒன்றுமில்லை. ஆனால் உங்களிடமுள்ள அனுமதிப் படிவம் கேட்பது கடவுச்சீட்டுக் கேள்வியை. அதில் ஸ்ரீலங்கன் என்று எழுதுவதால் உங்கள் அரசியல் நம்பிக்கை எதையும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

உங்கள் அண்ணாவை வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெளிவாகத் தெரியும். அவர் கனடியப் பிரஜாவுரிமை எடுத்திருந்தால், சத்தியப்பிரமாணம் செய்த அன்று அவருடைய நேஷனலிட்டி மாறிவிட்டது. இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்து வாங்காவிட்டால் இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவர் கனடியர் ஆகுமுன் அங்கே பிள்ளை பிறந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் எடுக்கலாம். அதற்கு ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும், பிந்தினால் அமைச்சின் அனுமதி தேவை. இதெல்லாம் திகதியும் கையொப்பமும் சேர்ந்த விடயங்கள். ஆனால் சத்தியப்பிரமாணம் செய்த அன்று பின்னேரம் அவர் வீட்டுக்கு வந்து அம்மாவோடு தொலைபேசியில் கதைத்தது தமிழில்தானே? அவருடைய எத்னிசிட்டி அன்று ஓர் அங்குலமும் நகரவில்லை.

அடுத்தது எத்னிசிட்டி. நம் பல்கலைக்கழகங்களில் இதை இனத்துவம் என்கிறார்கள், 'இனக்குழு' என்றாலும் சரி. ஒரு மக்கள் கூட்டம் 'நாங்கள் இன்னார்' என்று தன்னைச் சொல்வதும், பக்கத்திலுள்ளவர்கள் 'அவர்கள் இன்னார்' என்று ஏற்பதும் சேர்ந்தால் வருவது அது. மொழி, சமயம், வம்சக் கதை, கல்யாணத் தொடர்பு, சாப்பாடு, சடங்கு எல்லாம் அதற்குள் வரலாம். எதுவும் தனியே நின்று அதைத் தீர்மானிப்பதில்லை. நோர்வே மானிடவியலாளர் பிரெட்ரிக் பார்த் 1969இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: ஒரு குழுவின் பண்பாட்டுப் பொருட்களை எண்ணிக்கொண்டிருப்பதை விட, குழுக்களுக்கு இடையிலுள்ள எல்லை எப்படிப் பேணப்படுகிறது என்று பாருங்கள்.

இதைப் படிக்க மட்டக்களப்பும் அம்பாறையும் போல இடம் இலங்கையில் வேறில்லை. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பேச்சு ஒரே தமிழ். இரண்டு பக்கத்திலும் குடி என்ற வம்சப் பிரிவு உண்டு, குடி தாய்வழி, சீதனமாக வீடு மகளுக்கு. கோயிலில் திருவிழா முறை குடி குடியாகப் பிரிகிறது. பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்காயர் தெரிவு பல ஊர்களில் குடிவழியே நடந்து வந்தது. இவ்வளவும் பொதுவாக இருந்தும் எல்லை அழியவில்லை. தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் 1888இல், சோனகர் (இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர்) இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். சோனகர் தலைவர் ஐ.எல்.எம். அப்துல் அசீஸ் 1907இல் அதை மறுத்து எழுதினார். வாதம் மொழியைப் பற்றிய ஒன்றாகத் தோன்றினாலும் உள்ளே இருந்தது வேறு: யார் யாரைப் பிரதிநிதித்துவப்படுத்துவது, ஒரு சமூகத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை யாருக்கு. என் பார்வையில் அசீஸ் பக்கம்தான் நியாயம். ஒரு சமூகம் தன்னை வேறென்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வாழும்போது, 'நீங்கள் பேசுவது தமிழ், ஆகவே நீங்கள் தமிழர்' என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆகவே உங்கள் காத்தான்குடித் தோழிக்கு இதைச் சொல்லுங்கள். இங்கே நாம் 'தமிழர், முஸ்லிம்கள்' என்று அருகருகே வைத்துப் பேசுவதால் முஸ்லிம் என்பது இனப்பெயர் போலப் பழகிவிட்டது. வெளிநாட்டுப் படிவத்தில் சமயத்துக்குத் தனிக் கூடு இருந்தால், முஸ்லிம் என்பது அங்கே போகட்டும். எத்னிசிட்டியில் நமது பதிவுகளில் உள்ளபடி 'ஸ்ரீலங்கன் மூர்', அதாவது இலங்கைச் சோனகர், என்று எழுதுவது சரி. வாசிப்பவருக்கு விளங்காது என்று பயந்து அவ மாற்ற வேண்டாம். விளங்காவிட்டால் அவர்கள் தேடிப் படிக்கட்டும்.

இனி உங்கள் கேள்வி. அப்பாவா அம்மாவா என்று நீங்கள் தவிப்பது, ஒரு மனிதருக்கு ஓர் இனம்தான் இருக்க முடியும் என்ற எண்ணத்தால் வருகிறது. அந்த எண்ணம் பெரும்பாலும் கணக்கெடுப்பு மேசையிலிருந்து வந்தது. இலங்கையில் 1871இல் நடந்த முதல் குடிசன மதிப்பீட்டில் 'ரேஸ்' 24, 'நேஷனலிட்டி' 78 என்று பதிந்தார்கள். பத்து வருடம் கழித்து 1881இல் 'ரேஸ்' ஏழாகச் சுருங்கியது. பத்து வருடத்தில் மனிதர் அப்படி மாறவில்லை, மாறியது பட்டியல்தான். 1911இல் தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாகப் பிரித்து எண்ணினார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் கிட்டிய பெயருக்குள் போனார்கள். வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்கள் தமிழ் பேசுவதால் பதிவில் பலர் தமிழர். அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் அலிக்கம்பையில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு தனிப் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

நம் ஊர் வழக்கமோ உங்களை இரண்டு பக்கமும் சேர்த்தே எண்ணுகிறது. பறங்கியர் என்ற உரித்து தந்தை வழியால் வருவது. அந்த முறைப்படி நீங்கள் பறங்கியப் பிள்ளை. குடி தாய் வழியால் வருவது. அம்மா உலகிப்போடி குடி என்றால் நீங்களும் உலகிப்போடி குடி, அப்பா யாராக இருந்தாலும் அது மாறாது. ஒரு முறை அப்பா வழியே எண்ணுகிறது, மற்றது அம்மா வழியே எண்ணுகிறது. இரண்டும் உங்களில் முட்டிக்கொள்ளவில்லை. யாரையும் விடவேண்டிய தேவை உங்களுக்கு இல்லை, மகள்.

'வீட்டில் தமிழ்தானே பேசுகிறோம், பிறகு பறங்கி என்று எழுதலாமா' என்ற ஐயம் உங்களுக்கு இருக்கும். இங்கிலாந்தின் சட்டமே இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. 1983இல், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, தலைப்பாகை கட்டிய ஒரு சீக்கிய மாணவனின் பாடசாலை அனுமதி பற்றிய வழக்கில், சீக்கியர் ஓர் இனக்குழு என்று தீர்ப்பளித்தது. கட்டாயம் இருக்க வேண்டியவை இரண்டு: குழு தன்னுடையது என்று நினைவில் வைத்திருக்கும் நீண்ட பொது வரலாறு, தனக்கென்ற பண்பாட்டு மரபு. பொதுவான பூர்வீகம், மொழி, இலக்கியம், சமயம், பெரிய சமூகத்துக்குள் சிறுபான்மையாக இருத்தல் என்பவை துணைச் சான்றுகள். மட்டக்களப்புப் பறங்கியரை இதில் வைத்துப் பாருங்கள். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வரும் வரலாறு, கத்தோலிக்க சமயம், கல்யாண வீட்டில் வயலின் வாசிக்க ஆடும் கஃப்ரிஞ்ஞா, அப்பம்மா கதைக்கும் அந்தப் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி. எல்லாப் படியிலும் தேறுகிறார்கள். இளையவர்கள் மொழியை இழந்தாலும் குழு இல்லாமல் போவதில்லை.

எழுத வேண்டியது இப்படி: எத்னிசிட்டிக்கு வெறும் கூடு இருந்தால் 'ஸ்ரீலங்கன் பேர்கர் அண்ட் ஸ்ரீலங்கன் தமிழ்' (பறங்கியருக்கு ஆங்கிலத்தில் பேர்கர் என்று பெயர்). இடம் போதாவிட்டால் 'பேர்கர் / தமிழ்'. எதை முன்னால் போடுவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் எல்லாப் படிவத்திலும் ஒரே ஒழுங்கில் போடுங்கள். பட்டியலிலிருந்து தெரியச் சொன்னால் கடைசியில் உள்ள 'வேறு' என்பதைத் தெரிந்து பக்கத்தில் எழுதுங்கள். இங்கிலாந்துப் பட்டியலில் ஆசியர் பகுதிக்குள் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் என்று இருக்கும், இலங்கையர் இருக்காது. பலர் அவசரத்தில் 'இந்தியர்' என்பதில் அடையாளமிட்டு விடுகிறார்கள். அது பிழையான தகவல். 'வேறு ஆசியப் பின்னணி' என்பதைத் தெரியுங்கள். கலப்புப் பகுதியிலும் உங்களுக்குப் பொருந்தும் ஒரு வரி உண்டு: 'வெள்ளையரும் ஆசியரும்'. அதைத் தெரிவது பொய்யாகாது. இரண்டில் எது உங்கள் வாழ்வுக்குக் கிட்டியது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, ரேஸ். உடம்பைப் பார்த்து, தோல், முடி, முகவெட்டைப் பார்த்து மனிதரைச் சில பெரிய பெட்டிகளுக்குள் போடும் பழக்கம் இது. உயிரியல் இதற்குத் துணை நிற்கவில்லை. மரபணு ஆய்வாளர் ரிச்சர்ட் லெவொன்டின் 1972இல் காட்டியபடி, மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. பெட்டிகளுக்கு எல்லை போட்டது சட்டமும் அரசும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922இல் பிரஜாவுரிமை கேட்ட ஒரு ஜப்பானியரிடம், வெள்ளையர் என்றால் 'கொக்கேசியன்', நீங்கள் அது இல்லை என்றது. அடுத்த வருடமே பகத்சிங் திந்த் என்ற பஞ்சாபியர், நான் அந்த வகைதானே என்று நின்றபோது, அது போதாது, சாதாரண மக்கள் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறார்களோ அவர்தான் வெள்ளையர் என்று பிரஜாவுரிமையை மறுத்தது. ஒரே நீதிமன்றம் சுமார் மூன்று மாத இடைவெளியில் இரண்டு அளவுகோல் வைத்தது. இந்த அநியாயத்தைப் படிக்கும்போது இன்றும் மனம் கொதிக்கும்.

உங்கள் அண்ணா மட்டக்களப்பில் இருந்தவரை அவரை யாரும் 'தெற்காசியர்' என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கனடாவில் இறங்கியதும் அந்த நாட்டுப் படிவம் அவரை அந்தப் பெயருக்குள் வைத்தது. தமிழர், சிங்களவர், பஞ்சாபியர் எல்லோரும் அங்கே ஒரே பெட்டி. இனத்துவத்துக்கு நம்முடைய ஒப்புதல் வேண்டும். ரேஸ் அதைக் கேட்காமலே நம் மேல் வந்து விழும். அங்கே பாகுபாடு காட்டுகிறவன் நீங்கள் பறங்கியா தமிழா என்று விசாரித்துவிட்டுக் காட்டுவதில்லை. அதனால்தான் அந்த நாடுகள் இதைக் கேட்டுக் கணக்கு வைக்கின்றன.

அமெரிக்கப் படிவத்தில் 'ஆசியர்' என்பதில் அடையாளமிடுங்கள். ஒன்றுக்கு மேல் தெரிய அங்கே அனுமதி உண்டு. 'வெள்ளையர்' என்பதற்கு அவர்கள் தரும் விளக்கம் ஐரோப்பாவின் பூர்வ மக்களிலிருந்து வந்தவர் என்பது. பறங்கிய வழி உள்ளவர் அதையும் சேர்த்துத் தெரியலாம். கட்டாயமில்லை. நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: 'வெள்ளையர்' என்பதை மட்டும் தனியே தெரிய வேண்டாம். அது உங்கள் அம்மாவையும் உங்கள் வாழ்வையும் மறைத்துவிடும். 'ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ' என்று இன்னொரு கேள்வி வரும், அப்பாவின் போர்த்துக்கேயப் பெயரை நினைத்து 'ஆம்' போடாதீர்கள். அங்கத்தைய குடிசன வரையறை ஸ்பானியப் பண்பாட்டு வழியைத்தான் சொல்கிறது. முன்பு அந்தக் கேள்வியை எத்னிசிட்டி என்ற பெயரில் தனியாகக் கேட்டார்கள். 2024 மார்ச்சில் இரண்டையும் ஒன்றாக்கும் புதிய விதி வந்தது. பழைய படிவங்களும் இன்னும் புழங்குவதால் இரண்டு வடிவமும் கையில் வரலாம். இந்தப் பகுதிக்குப் பதில் சொல்ல விருப்பமில்லாவிட்டால், பெரும்பாலான படிவங்களில் அதற்கும் ஒரு கூடு இருக்கும்.

போர்த்துக்கல் கதையை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்தது 1638இல். வம்சவழிப் பிரஜாவுரிமைக்கு அண்மைத் தலைமுறையில் ஒருவர் போர்த்துக்கல் பிரஜையாக இருந்ததைப் பதிவுகளோடு காட்ட வேண்டும். ஏறத்தாழ நானூறு வருடத்துக்கு முந்திய மூதாதையும் குடும்பப் பெயரும் அதற்குச் சான்றாகாது. பறங்கியர் என்பது இனத்துவம், போர்த்துக்கேயர் என்பது நேஷனலிட்டி. பக்கத்து வீட்டார் முதலாவதைக் காட்டி இரண்டாவதை வாங்கலாம் என்கிறார்கள்.

ஆவணங்களில் கவனிக்க வேண்டியது பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு. உங்கள் சான்றிதழில் தந்தையின் இனம் பறங்கியர், தாயின் இனம் இலங்கைத் தமிழர் என்று இருக்கும். உங்களுக்கென்று ஓர் இனம் அதில் எழுதப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் 'இனம்' என்பதை 'ரேஸ்' என்றோ 'எத்னிசிட்டி' என்றோ போடலாம், இரண்டும் செல்லும். 'நேஷனலிட்டி' என்று போட்டால் மட்டும் திருத்தித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அப்பா ஒரு நாட்டவர், அம்மா வேறொரு நாட்டவர் என்று வாசிக்கப்பட்டு வீசா நேரத்தில் கேள்வி வரும். முத்திரை குத்தி வாங்கிய பிறகு திருத்துவதை விட, வரைவை வாசித்துவிட்டு முத்திரை வைக்கச் சொல்வது எளிது. அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் இனம் இல்லாதபடியால் அங்கே சிக்கல் வராது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். இனத்துவம் ஒன்றாக இருப்பதால் சட்டமும் ஒன்றாகிவிடாது. அம்மா தமிழர் என்பதற்காகத் தேசவழமை உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. அது வட மாகாணத் தமிழருக்கான சட்டம். காணி, சீதனம் பற்றி உறுதி எழுதும்போது நொத்தாரிசு கேட்டால் பொதுச்சட்டம் என்றே சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் படிவத்தில் 'தெரிந்த மொழிகள்' என்று ஒரு பகுதி இருக்கும். தமிழும் ஆங்கிலமும் எழுதியிருப்பீர்கள். அப்பம்மா அப்பாவோடு கதைப்பது உங்களுக்கு விளங்குமென்றால் மூன்றாவது வரியில் 'ஸ்ரீலங்கா போர்த்துக்கேயக் கிரியோல்' என்று எழுதி, தேர்ச்சி நிலையில் 'கேட்டால் விளங்கும்' என்று போடுங்கள். அனுப்புவதற்கு முன் அந்த வரியை அப்பம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.